பேஸ்பால் மட்டை: எங்கே மெலிகிறது, ஏன் மெலிகிறது?

2025 மார்ச் 29 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணி மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியை 20-9 என்று வீழ்த்தியது. அந்த ஒரே ஆட்டத்தில் யாங்கீஸ் அடித்தவை 9 ஹோம் ரன்கள், அதாவது பந்தை மைதானத்தின் எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடிகள். அந்த அணியின் நெடிய வரலாற்றில் அதற்கு முன் ஓர் ஆட்டத்தில் இத்தனை அடித்ததில்லை. யாங்கீஸ் சந்தித்த முதல் மூன்று பந்துகளுமே ஹோம் ரன்களாகப் பறந்தன. ஆனால் அடுத்த ஒரு வாரம் விளையாட்டுப் பக்கங்களை நிறைத்தது ஸ்கோர் பலகையல்ல, ஒரு மட்டையின் படம். நடுவில் புடைத்து நுனியில் மெலிந்த அந்த மட்டைக்கு டார்பிடோ என்று பெயர்.

மெலிந்த மட்டையால் அடித்தால் பந்து எப்படி அதிக தூரம் போகும்? தடித்த மட்டைதானே வசதி? அப்படியென்றால் ஜப்பானின் இச்சிரோ சுஸுகி ஏன் வாழ்நாள் முழுக்க மெல்லிய மட்டையோடு ஆடினார்? கைப்பிடி பெருவிரல் அளவுக்கு ஒல்லியாக இருக்கும் மட்டைகளை ஏன் பெரிய அடிகாரர்கள் கேட்டு வாங்குகிறார்கள்?

குழப்பம் வருவதற்குக் காரணம், மூன்று வெவ்வேறு விஷயங்களை 'மெலிந்த மட்டை' என்ற ஒரே பெயரில் அடக்குவதுதான்.

1. கைப்பிடி மெலிந்த மட்டை. பெரும்பாலும் பந்தைத் தூரம் அடிப்பவர்கள் விரும்புவது.
2. பேரல், அதாவது பந்தை அடிக்கும் தடித்த பகுதி, மெலிந்த மட்டை. பந்தைத் தவறாமல் தொட்டு, ஆளில்லாத இடம் பார்த்துத் தள்ளுபவர்கள் விரும்புவது.
3. நுனி மட்டும் மெலிந்த மட்டை. 2025இல் பேச்சான டார்பிடோ இந்த வகை.

மூன்றுக்கும் காரணம் வேறு, பலன் வேறு. ஒன்றில் இயற்பியல் வீரர் பக்கம் இருக்கிறது. இன்னொன்றில் பழக்கம்தான் அதிகம் பேசுகிறது.

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் மட்டை உருண்டையாக, ஒரே மரத்துண்டில் செய்ததாக இருக்க வேண்டும். மிகத் தடித்த இடத்தில் விட்டம் 2.61 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 66 மில்லிமீட்டர். நீளம் 42 அங்குலத்துக்குள், சுமார் 107 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் யாரும் அவ்வளவு நீள மட்டையை எடுப்பதில்லை. 33, 34 அங்குலம்தான் வழக்கம்.

இந்த விதிகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கிய மட்டைகளும் புழக்கத்தில் இருந்தன. 1893இல் அவை தடை செய்யப்பட்டன. 1895இல் விட்டத்தின் உச்சவரம்பு 2.5 அங்குலத்திலிருந்து 2.75 ஆக உயர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற அந்த எண் 2010ஐ ஒட்டி 2.61 ஆகக் குறைந்தது. ஏன் குறைந்தது என்பதற்குக் கைப்பிடியோடு தொடர்பு உண்டு, பின்னால் வருகிறேன்.

கவனிக்க வேண்டியது, விதி பேரலுக்கு மேல்வரம்புதான் வைக்கிறது. எவ்வளவு மெலிதாக வேண்டுமானாலும் பேரலை வைத்துக்கொள்ளலாம். அதனால் மெல்லிய பேரல் என்பது விதியில் கண்டுபிடித்த ஓட்டை ஒன்றுமில்லை. வீரர் தனக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றைத் தானாக விட்டுக்கொடுக்கிறார். எதற்காக விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி.

எடை வேறு, சுழற்றும் எடை வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

பேஸ்பால் மட்டை ஒன்றைக் கைப்பிடியில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். அதே மட்டையைத் தலைகீழாக, பேரல் பக்கம் பிடித்துச் சுழற்றுங்கள். இரண்டாவது முறை காற்றில் பறப்பதுபோல வரும். தராசில் இரண்டும் ஒரே எடைதான். மாறியது, கையிலிருந்து மரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது.

இயற்பியலில் இதற்குச் சுழல் நிலைமம் என்று பெயர். ஒவ்வொரு துண்டு மரமும் சுழற்சிக்குக் காட்டும் எதிர்ப்பு, அதன் எடையையும் கையிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் கிடைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. மட்டை எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதை முடிவு செய்வது மொத்த எடையைவிட இந்தச் சுழல் நிலைமம்தான். இந்தக் கட்டுரையில் அதைச் 'சுழற்றும் எடை' என்றே சொல்கிறேன்.

ஒரு சிறு கணக்கு போடலாம். 85 சென்டிமீட்டர் நீளமுள்ள மேப்பிள் மர மட்டை, மரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.68 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

கைப்பிடிப் பக்கம் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டத்தை 25.4 மில்லிமீட்டரிலிருந்து 23.8 ஆகக் குறைத்தால், அதாவது 1 அங்குலத்திலிருந்து 1/16 அங்குலம் செதுக்கினால், மிச்சமாவது சுமார் 12.6 கிராம். இரண்டு மூன்று நாணயங்களின் எடை.

பேரல் பக்கம் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டத்தை 66 மில்லிமீட்டரிலிருந்து 61 ஆகக் குறைத்தால், குறைவது சுமார் 85 கிராம். மட்டையின் மொத்த எடையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு.

எடையிலேயே ஏழு மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. சுழற்றும் எடையில் பார்த்தால் இடைவெளி மலைக்க வைக்கும். கைப்பிடியின் அடியிலுள்ள குமிழ் முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி மட்டை சுழல்வதாகக் கொண்டு கணக்கிட்டால், பேரலில் செய்த மாற்றத்தின் விளைவு கைப்பிடியில் செய்த மாற்றத்தைப் போல ஏறத்தாழ 300 மடங்கு. உண்மையான மட்டையில் வளைவுகள் இருப்பதால் எண் கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனாலும் சங்கதி மாறாது. கைப்பிடியை மெலியவைப்பதால் மட்டை வேகமாகச் சுழலும் என்ற நம்பிக்கை, கணக்குக்கு முன்னால் நிற்பதில்லை.

அப்படியானால் கைப்பிடியை ஏன் மெலியவைத்தார்கள்?

மெலிந்த கைப்பிடியின் கதை

1920களில் ஹோம் ரன் மன்னர் பேப் ரூத் 40 அவுன்ஸுக்கும் மேற்பட்ட, அதாவது 1.13 கிலோவைத் தாண்டிய மட்டைகளைத் தூக்கி அடித்தார். ஹிக்கரி போன்ற கனமான மரம். அந்தக் காலத்தில் தடித்த கைப்பிடி சகஜம். சின்சினாட்டி ரெட்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிகளில் ஆடிய ஹெய்னி க்ரோ பயன்படுத்திய 'பாட்டில் மட்டை' புகழ்பெற்றது. பேரலும் தடிமன், கைப்பிடியும் தடிமன், நடுவில் சட்டென்று இறங்கும் தோள். க்ரோ ஹோம் ரன் அடிப்பவர் அல்லர். பந்தைத் தொட்டுத் தள்ளுவதுதான் அவர் வேலை. தடித்த கைப்பிடி, எடையைக் கைக்கு அருகே வைத்திருக்கும். உள்பக்கமாக வரும் பந்து கைப்பிடியருகே பட்டாலும் மட்டை சமாளிக்கும்.

1950களில் காற்று திரும்பியது. சிகாகோ கப்ஸ் அணியின் எர்னி பேங்க்ஸ், சுமார் 31 அவுன்ஸ் (880 கிராம்) எடையுள்ள, கைப்பிடி மெலிந்த மட்டைக்கு மாறினார். 1955இல் 44 ஹோம் ரன்கள் அடித்தார். அவர் ஷார்ட்ஸ்டாப், அதாவது தடுப்பாட்டத்துக்காகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடம். உடலும் ஒல்லி. 'இந்த உடம்பை வைத்துக்கொண்டா' என்று ஊரே பார்த்தது. ஹாங்க் ஆரன் உள்ளிட்ட மற்ற பெரிய அடிகாரர்களும் அதே காலத்தில் இலேசான மட்டைகளால் பந்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மெலிந்த கைப்பிடி மணிக்கட்டைச் சவுக்குபோல வீச விடுகிறது என்ற விளக்கம் பரவியது.

என் பார்வையில் இங்கே புகழ் தவறான இடத்துக்குப் போய்விட்டது. பேங்க்ஸுக்குக் கைகொடுத்தது மட்டையின் இலேசான எடை. கைப்பிடி அதோடு கூட வந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது கைப்பிடிதான், எடை தெரியாது.

'சவுக்கு' விளக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் சுமார் 0.7 மில்லிநொடி. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை. மோதலின்போது பேரலில் எழும் அதிர்வு அலை கைப்பிடிவரை போய், அங்கே மோதி, மீண்டும் பந்துக்கு வந்து சேர்வதற்குள் பந்து மட்டையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நாதன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கைப்பிடி தடிமனா மெலிவா, வீரர் இறுக்கிப் பிடித்தாரா தளர்த்திப் பிடித்தாரா என்பதெல்லாம் மோதும் அந்தக் கணத்தில் பந்துக்குத் தெரியவே தெரியாது.

சரி, மெலிந்த கைப்பிடிக்குப் பலனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது மோதலில் இல்லை.

முதலாவது, கைக்கு அது தரும் உணர்வு. விரல்கள் முழுதாகச் சுற்றி வளைக்க முடிந்தால் மட்டையைக் கடைசி நொடியில் திருப்புவது எளிது என்று வீரர்கள் சொல்கிறார்கள். அதை மறுக்க நாம் யார்? ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை மட்டையைச் சுழற்றுபவரின் உள்ளங்கைக்கு 1 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ், தனக்கு அனுப்பிய மட்டைகளின் கைப்பிடி சரியில்லை என்று திருப்பி அனுப்ப, அளந்து பார்த்ததில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு பிசகியிருந்ததாம். பேஸ்பால் உலகில் இன்றும் சொல்லப்படும் கதை இது.

இரண்டாவது, மொத்த எடைக் கணக்கு. வீரருக்கு 32 அவுன்ஸ் மட்டைதான் வேண்டும், பேரலும் பெரிதாக வேண்டும் என்றால், மரத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கைப்பிடியில் எடுப்பார்கள். மேலே போட்ட கணக்குப்படி கிடைப்பது சில கிராம்தான். அதுவும் மட்டையின் பாரத்தை நுனிப்பக்கம் தள்ளும். பந்தைத் தூரம் அனுப்ப நினைப்பவர் அதைத்தான் விரும்புகிறார்.

மூன்றாவது காரணம் பழக்கம், இதுதான் இருப்பதிலேயே வலுவானது என்று நினைக்கிறேன். 1970களில் அலுமினிய மட்டைகள் வந்தன. 1974 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. அலுமினிய மட்டை உள்ளே வெற்றுக்குழாய். பேரலைப் பருமனாகவும் கைப்பிடியை ஒல்லியாகவும் வைத்தாலும் உடையாது. அதைப் பிடித்து வளர்ந்த பையன் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்ததும் மர மட்டைக்கு மாற வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் கை பழகிய வடிவத்தையே மரத்திலும் கேட்கிறான். உலோகத்துக்குப் பொருந்திய உருவத்தை மரத்தில் கடைந்தார்கள். பிரச்சினை அங்கே தொடங்கியது.

உடையும் கணக்கு

உருண்டையான கம்பு வளைப்பைத் தாங்கும் வலிமை, அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை மூன்று முறை பெருக்க வேண்டும் என்று பொருள். விறைப்போ விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கைப்பிடியை 1 அங்குலத்திலிருந்து 15/16 அங்குலமாகக் குறைத்தால் விட்டம் குறைவது 6 சதவீதம்தான். வலிமை குறைவது சுமார் 18 சதவீதம், விறைப்பு சுமார் 23 சதவீதம். 12 கிராம் மிச்சத்துக்கு இது பெரிய விலை.

மரம் மாறியதும் சேர்ந்துகொண்டது. நீண்ட காலம் மட்டைகள் வெள்ளை ஆஷ் மரத்தில் செய்யப்பட்டன. கனடாவின் ஒட்டாவாவில் தச்சர் சாம் ஹோல்மன் 1990களின் பிற்பாதியில் மேப்பிள் மரத்தில் மட்டை செய்யத் தொடங்கினார். 2001இல் பாரி பாண்ட்ஸ் மேப்பிள் மட்டையால் 73 ஹோம் ரன்கள் அடித்துச் சாதனை படைத்ததும் எல்லோரும் மேப்பிளுக்குத் தாவினார்கள். ஆஷ் மரங்களுக்கோ வேறொரு கேடு வந்தது. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் என்ற வண்டு அமெரிக்க ஆஷ் காடுகளை அரிக்க ஆரம்பித்தது.

மேப்பிள் கடினமானது, ஆஷைவிடக் கனமானதும்கூட. எடையைக் கட்டுக்குள் வைக்கக் கைப்பிடியில் இன்னும் செதுக்கினார்கள். ஆஷ் உடையும்போது பெரும்பாலும் இழையிழையாக விரிசல் விட்டு, ஒட்டிக்கொண்டே தொங்கும். மேப்பிள் இரண்டு மூன்று துண்டாகப் பிளந்து பறக்கும். மேப்பிளில் இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாது. சாய்ந்த இழையுள்ள துண்டு தப்பித்தவறி மட்டையாகிவிடும்.

2008இல் மேஜர் லீக் நிர்வாகம் உடைந்த மட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கியது. பருவத்தின் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் 2,200க்கும் மேல் சேர்ந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு துண்டு துண்டாகப் பறந்தவை. விஸ்கான்சினின் மேடிசனில் உள்ள அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வகமும் மற்ற வல்லுநர்களும் அவற்றை ஆராய்ந்தார்கள். முதன்மைக் குற்றவாளி, இழையின் சாய்வு. இழை மட்டையின் நீளத்துக்கு இணையாக ஓடாமல் குறுக்கே சரிந்தால், மெலிந்த கைப்பிடியில் பிளவு நேராக வெளியே வந்துவிடுகிறது.

அதன் பிறகு வந்த மாற்றங்கள்:

1. இழையின் சாய்வு 3 பாகைக்குள் இருக்க வேண்டும்.
2. மேப்பிள் மட்டையின் கைப்பிடியில் ஒரு துளி மை வைக்க வேண்டும். மை இழையோடு பரவும், சாய்வு தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் மட்டையை அருகில் காட்டும்போது தெரியும் சின்னக் கறை இதுதான்.
3. மேப்பிள் மட்டையில் தயாரிப்பாளரின் முத்திரையைக் கால்வட்டம் திருப்பிப் பதிக்க வேண்டும். வீரர்கள் முத்திரையைப் பார்த்து மட்டையைப் பிடிப்பதால், மரத்தின் வலுவான முகம் தானாகப் பந்துக்கு எதிரே வந்துவிடும்.
4. பேரலின் உச்சவரம்பு 2.61 அங்குலமாகக் குறைந்தது, கைப்பிடியின் குறைந்தபட்சத் தடிமன் சற்றுக் கூடியது.

நான்காவதுதான் நம் கதையோடு நேரடியாகச் சேர்கிறது. பெரிய தலை, ஒல்லிக் கழுத்து என்ற உருவத்தை இரண்டு பக்கமிருந்தும் இறுக்கினார்கள். சில ஆண்டுகளில் துண்டாகப் பறக்கும் மட்டைகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆபத்து முற்றிலும் போய்விடவில்லை. 2010 செப்டம்பரில் சிகாகோ கப்ஸ் வீரர் டைலர் கால்வின் ஓடிக்கொண்டிருந்தபோது, உடைந்து பறந்த மேப்பிள் துண்டு அவர் மார்பில் குத்தியது. அந்தப் பருவம் அவருக்கு அதோடு முடிந்தது.

மெலிந்த பேரல்: இச்சிரோவின் கணக்கு

இப்போது எதிர்த்திசைக்கு வருவோம். இச்சிரோ சுஸுகி 2001இல் சியாட்டில் மரினர்ஸ் அணிக்கு வந்தார். 2004இல் ஒரே பருவத்தில் 262 ஹிட்கள் (அடித்துவிட்டு ஓடி, முதல் பேஸ் என்ற நிலையையாவது ஆட்டமிழக்காமல் எட்டும் அடிகள்) அடித்து, 1920இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257 என்ற சாதனையை முறியடித்தார். தொடர்ந்து 10 பருவங்களில் 200க்கும் மேற்பட்ட ஹிட்கள். அமெரிக்காவில் மட்டும் மொத்தம் 3,089. அவருடைய மட்டையின் பேரல் விட்டம் சுமார் 61 மில்லிமீட்டர். மிசுனோ நிறுவனத்தின் கைவினைஞர் இசோகாசு குபோட்டா பல ஆண்டுகள் அவருக்காகக் கடைந்து கொடுத்தது.

பந்தை அதிகம் தொட வேண்டியவர் ஏன் தொடும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறார்? கிரிக்கெட் மட்டையில் 10.8 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டையான முகம் இருக்கிறது. அங்கே அகலத்தைக் குறைத்தால் இழப்பு நேரடியாகத் தெரியும். பேஸ்பாலில் மட்டையும் உருண்டை, பந்தும் உருண்டை. இழப்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பந்தின் ஆரம் சுமார் 37 மில்லிமீட்டர். முழு அளவு பேரலின் ஆரம் 33. மெலிந்த பேரலின் ஆரம் 30.5. பந்து மட்டையைத் தொடுமா என்பதையும், தொட்ட பிறகு எந்தக் கோணத்தில் போகும் என்பதையும் முடிவு செய்வது இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகை. முதல் மட்டைக்கு 70, இரண்டாவதுக்கு 67.5. வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் குறைவு. வீரர் பந்தின் மையத்தை 12 மில்லிமீட்டர் தவறவிட்டதாக வைத்துக்கொள்வோம். தடித்த மட்டையில் மோதல் கோணம் 9.9 பாகை சாயும், மெலிந்ததில் 10.2 பாகை. அரைப் பாகைகூட வித்தியாசம் இல்லை.

அதற்குக் கைம்மாறாகக் கிடைப்பது என்ன? முன்பு பார்த்த 85 கிராம். அதை இரண்டு வழியில் செலவழிக்கலாம். மட்டையை அப்படியே இலேசாக வைத்துக்கொள்ளலாம். அல்லது அதே எடைக்கு இன்னும் அடர்த்தியான, கடினமான மரத்துண்டைத் தேர்ந்தெடுக்கலாம். இச்சிரோவின் மட்டை சுமார் 900 கிராம், நீளம் சுமார் 85 சென்டிமீட்டர். அதை ஜப்பானின் ஆவோடாமோ மரத்தில் செய்தார்கள். மெலிந்தும் எடை குறையாமல் இருந்தது என்றால், அடர்த்தியான மரம் என்று அர்த்தம். ஈரப்பதம் ஏறினால் மரத்தின் எடை கூடிவிடும் என்பதால், மட்டைகளை ஈரம் புகாத தனிப் பெட்டியில் எடுத்துச் செல்வார். வெளியே பார்ப்பவருக்கு விசித்திரம், கணக்குத் தெரிந்தவருக்கு நியாயம்.

இலேசான சுழற்றும் எடையின் மதிப்பை நேரக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த பந்து பேட்டரை அடைய சுமார் 0.4 நொடி ஆகும். அதற்குள் பந்து எங்கே வரும், வளையுமா, விடலாமா, அடிக்கலாமா என்று முடிவு செய்து, மட்டையையும் சுழற்றி முடிக்க வேண்டும். மட்டையைச் சீக்கிரம் கொண்டுவர முடிந்தால் முடிவைத் தள்ளிப்போடலாம். வெறும் 0.005 நொடி கூடுதலாகக் காத்திருந்தால் பந்து 20 சென்டிமீட்டர் நெருங்கி வந்திருக்கும். வளையும் பந்தைப் படிப்பதற்கு அந்த 20 சென்டிமீட்டர் தங்கம்.

சான் டியேகோ பாட்ரெஸ் அணியின் டோனி க்வின் இதே பள்ளியைச் சேர்ந்தவர். 33 அங்குலத்தைத் தாண்டாத, 31 அவுன்ஸ் அளவிலான சின்ன மட்டையோடு எட்டு முறை தன் லீகின் சிறந்த சராசரிக்கான, அதாவது அடிக்கும் வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆயின என்ற விகிதத்துக்கான, பட்டத்தை வென்றார். 1994இல் அவர் சராசரி 0.394.

இழப்பும் உண்டு. பேரலில் எடை குறைந்தால், பந்து மோதும் இடத்தில் மட்டை பின்வாங்காமல் நிற்கும் திறன் குறைகிறது. வேகத்தில் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியை இந்த இழப்பு விழுங்கிவிடும். அதனால் மெலிந்த பேரல் பந்தைத் தூரம் அனுப்பும் கருவியல்ல. இச்சிரோ அமெரிக்காவில் 19 பருவங்களில் அடித்த ஹோம் ரன்கள் 117. அவருக்குத் தேவைப்பட்டது தூரமில்லை. தடுப்பவர்களுக்கு நடுவே பந்தைச் செருகிவிட்டு முதல் பேஸுக்கு ஓடிவிடுவார்.

மெலிந்த நுனி: டார்பிடோ

எல்லா மட்டையிலும் ஒரு நல்ல இடம் உண்டு. ஸ்வீட் ஸ்பாட் என்பார்கள். அங்கே பந்து பட்டால் மட்டையின் அதிர்வு மிகக் குறைவு, பந்துக்குப் போகும் வேகம் மிக அதிகம். அது நுனியிலிருந்து சுமார் 5 முதல் 7 அங்குலம் உள்ளே இருக்கிறது. வழக்கமான மட்டையிலோ முழுத் தடிமன் நுனிவரை போகிறது. நுனியில் பட்ட பந்து எப்படியும் உருப்படியாகப் போகாது. அப்படியிருக்க அங்கே ஏன் இவ்வளவு மரம்?

மட்டையின் நுனியில் கிண்ணம்போலக் குடைந்தெடுப்பது இதற்கான பழைய பதில். விதி அதை ஓரளவு ஆழம்வரை அனுமதிக்கிறது. ஆரன் லீன்ஹார்ட் என்ற இயற்பியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். யாங்கீஸ் அணியில் பகுப்பாய்வாளராக இருந்தவர், பிறகு மையாமி மார்லின்ஸுக்குப் போனார். நுனியில் மரத்தைக் குறைத்து, வீரர் வழக்கமாகப் பந்தைத் தொடும் இடத்துக்கு அதை நகர்த்தினார். உச்ச விட்டம் 2.61 அங்குலத்துக்குள்தான். மட்டை உருண்டைதான், ஒரே மரம்தான். விதி மீறல் ஏதுமில்லை என்று மேஜர் லீக் நிர்வாகமும் சொல்லிவிட்டது.

விளைவைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

1. மரம் கைப்பக்கம் நகர்வதால் சுழற்றும் எடை குறையும். மட்டை சற்று வேகமாக வரும்.
2. அல்லது அதே சுழற்றும் எடைக்கு, பந்து படும் இடத்தில் கூடுதல் மரம் கிடைக்கும்.
3. இரண்டையும் முழுமையாக ஒரே நேரத்தில் பெற முடியாது.
4. நுனியருகே பந்தைத் தொடும் பழக்கமுள்ளவருக்கு இது நஷ்டம். அவர் அடிக்கும் இடத்தில்தான் மரம் குறைந்திருக்கிறது.

யாங்கீஸ் வீரர்களில் ஜாஸ் சிஸோம், ஆந்தனி வோல்பி, கோடி பெல்லிஞ்சர் முதலியோர் அன்று டார்பிடோவோடு ஆடினார்கள். வோல்பி போன்றவருக்குப் பந்து கைப்பிடியை ஒட்டிய பக்கம் படுவது வழக்கம், அவருக்கு அது பொருந்தும். ஆனால் அதே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள் அடித்த ஆரன் ஜட்ஜ் கையில் இருந்தது பழைய வடிவ மட்டை. அவர் டார்பிடோவுக்கு மாறவில்லை. அந்த 2025 பருவத்தில் அவர் அடித்தவை 53 ஹோம் ரன்கள், சராசரிப் பட்டமும் அவருக்கே. ஒன்பது ஹோம் ரன்களுக்கும் மட்டைதான் காரணம் என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேண்டாம்.

கைப்பிடியை மெலியவைத்தது கைப்பழக்கத்துக்காக. பேரலை மெலியவைத்தது நேரத்துக்காக. நுனியை மெலியவைத்ததற்குக் காரணம் புள்ளிவிவரம். ஒவ்வொரு வீரரும் மட்டையின் எந்த இடத்தில் பந்தைத் தொடுகிறார் என்பதைக் கேமராக்கள் அளந்து சொல்லும் காலத்தில்தான் இப்படி ஒரு மட்டையைக் கடைய முடியும்.

ஆட்டத்துக்கு வராத மெலிந்த மட்டை

கடைசியாக ஒரு பொதுவான மயக்கம். ஆட்டத்துக்கு முன் எடுக்கும் படங்களில் சிலர் கையில் நீளமான, குச்சிபோல ஒல்லியான மட்டை தெரியும். அது ஃபங்கோ மட்டை. பயிற்சியாளர் பந்தைத் தானே மேலே போட்டு, தடுப்பாளர்களை நோக்கி அடித்துப் பழக்குவதற்கு வைத்திருப்பது. நீளம் 35, 36 அங்குலம் இருக்கும், எடையோ ஆட்ட மட்டையைவிட மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான பந்துகளைத் தோள் வலிக்காமல், நினைத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே அதன் தேவை. வேகமாக வரும் பந்தை அதனால் அடித்தால் மட்டை தாங்காது. பேட்டர்களும் கண்ணைக் கூர்மையாக்க, பயிற்சியில் மட்டும், இதைவிட ஒல்லியான கோல்களால் சின்னப் பந்துகளை அடித்துப் பழகுவதுண்டு. அப்படி ஒரு படத்தைப் பார்த்தால், எறிபவர் எதிரே நிற்கிறாரா, அடிப்பவரே பந்தைத் தூக்கிப் போடுகிறாரா என்று பாருங்கள். எறிபவர் இல்லையென்றால் அது ஃபங்கோ. மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.